நாய்க்குத் தொண்டையில் எலும்பா? கையை விடுவதற்கு முன் வாசியுங்கள்

வன்னியில் மிருக வைத்தியராக வேலைசெய்யும் எனக்கு வருகின்ற தொலைபேசி அழைப்புகளில் மாடுகளுக்கு அடுத்தபடியாக நாய்களைப் பற்றியவைதான் அதிகம். மாட்டுக்காரர் மாட்டுக்கு என்ன செய்கிறது என்று சொல்லுவார். நாய் வளர்ப்பவர்களோ பெரும்பாலும் நோயின் பெயரையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். "எலும்பு திண்டிட்டுது டொக்டர்" என்பார்கள். நாய் சத்தி எடுத்தாலும் எலும்பு. வயிற்றோட்டம் என்றாலும் எலும்பு. சாப்பிடாமல் படுத்தாலும் எலும்பு. வாயால் வீணீர் வடித்துக்கொண்டு நின்றாலும் எலும்பு.

பல தடவைகளில் அவர்கள் சொல்வது சரிதான். எலும்பு நாயின் வயிற்றைக் குழப்பும், குடலைக் கிழிக்கும், உயிரையும் எடுக்கும். ஆனால் வேறு இரண்டு நோய்களும் இதே பெயருக்குள் ஒளிந்துகொண்டு வருகின்றன. ஒன்று குட்டிகளைக் கூட்டமாகக் கொல்வது. மற்றது மனிதரைக் கொல்வது. இந்த மூன்றையும் பிரித்தறியத் தெரிந்திருந்தால் நாயையும் காப்பாற்றலாம், வீட்டிலுள்ளவர்களையும் காப்பாற்றலாம்.

ஒரு நாய்க்காக இவ்வளவு எழுத வேண்டுமா என்று யாரும் கேட்கலாம். 2009 க்குப் பின்னர் முகாம்களிலிருந்து திரும்பிவந்து, பற்றைக்காடாகிக் கிடந்த வளவுகளில் தகரக்கொட்டில் போட்டுக் குடியேறியவர்களுக்கு அந்தக் கேள்விக்கான பதில் தெரியும். கதவில்லாத வீட்டுக்கு நாய்தான் கதவு. பாம்பு வந்தாலும், பன்றி வந்தாலும், யானை வேலியோரம் நின்றாலும், இரவில் ஆளரவம் கேட்டாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். கணவனை இழந்து, அல்லது காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடிக்கொண்டு தனியே இருக்கின்ற எத்தனையோ அம்மாமாருக்கு, இரவில் வீட்டில் மூச்சுவிடுகின்ற இன்னொரு உயிரும் அந்த நாய்தான். நாயைக் கொண்டுபோய்க் காட்டுவதற்கு ஓட்டோக் காசே ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். ஆகவே எப்போது வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எப்போது கடன்பட்டாவது கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்திருப்பது முக்கியம்.

சமைத்த எலும்பு ஏன் கெடுதி?

நாய் எலும்பு தின்னப் பிறந்தது என்று நாங்கள் நினைக்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. நாயின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் கடுமையானது. பச்சை எலும்பை அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். ஆனால் எங்கள் வீட்டு நாய்க்குக் கிடைப்பது பச்சை எலும்பல்ல, கறிச்சட்டியிலிருந்து வந்த எலும்பு.

எலும்பில் இரண்டு பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று கல்சியம் சேர்ந்த கனிப்பொருள், அது எலும்புக்கு உறுதியைக் கொடுக்கிறது. மற்றது கொலாஜன் என்ற புரதம், அது எலும்புக்கு நெகிழ்வைக் கொடுக்கிறது. கோழி எலும்பை வினாகிரியில் பல நாட்கள் ஊறவைத்தால் கனிப்பொருள் கரைந்து எலும்பு இறப்பரைப் போல வளையும். அடுப்பில் சுட்டெடுத்தால் கொலாஜன் அழிந்து தொட்டவுடன் நொறுங்கும். சமைக்கும்போது நடப்பது இந்த இரண்டாவது வேலையின் தொடக்கம். கொலாஜன் குழம்புக்குள் இறங்கிவிடுகிறது. எலும்பு வளையும் தன்மையை இழந்து, கடித்தால் ஊசிபோலச் சிம்பு சிம்பாகப் பிளக்கிறது. பொரித்த, சுட்ட எலும்புகள் காய்ந்தும் போவதால் இன்னும் மோசம்.

கோழியின் கால் எலும்பும் செட்டை எலும்பும் உள்ளே துளையுள்ளவை, நீளவாக்கில் பிளந்து இரண்டு முனையும் கூராகும். ஊர்க்கோழியின் எலும்பு முற்றியது என்பதால் அதன் சிம்பு இன்னும் உறுதியானது. ஆட்டு விலா எலும்பும் அப்படித்தான். பாரை, விளைமீன் போன்ற பெரிய மீன்களின் முள்ளும் தலையோடும் தொண்டையில் குத்தும். நெத்தலி, சூடை போன்ற சின்ன மீன்களை நன்றாக அவித்தால் முள் மெதுமையாகிவிடும், அவற்றால் பெரிதாகப் பிரச்சினை வருவதில்லை.

பச்சை எலும்பு கொடுத்தால் ஆபத்தே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. அதில் கிருமிகள் இருக்கலாம், பெரிய மாட்டெலும்பைக் கடித்துப் பல் உடைந்த நாய்களும் உண்டு. சிம்பாகப் பிளக்கின்ற ஆபத்துக் குறைவு என்பது மட்டும்தான் வித்தியாசம்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் மச்சம் சமைக்காத வீடுகள் வடக்கில் நிறைய உண்டு. திருவிழா முடிந்து சட்டி மாறும்போது எலும்பும் ஒன்றாக நாயின் கோப்பைக்கு வருகிறது. ஒரு மாதமாகச் சோறும் பருப்பும் தின்ற வயிறு, திடீரென்று கொழுப்பும் எலும்பும் கண்டால் குழம்பத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சமைத்தால் திங்கட்கிழமை எனக்குத் தொலைபேசி வருவதும் இதே கணக்குத்தான்.

எலும்பு எங்கே சிக்கும்?

முதலாவது இடம் வாய். மேல்வாயில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே எலும்புத்துண்டு குறுக்காகக் கொழுவிக்கொள்ளும். நாய் முன்னங்காலால் வாயை வறுகும், முகத்தை நிலத்தில் தேய்க்கும், வாயைத் திறந்து திறந்து மூடும். வளையம் போன்ற குழல் எலும்பு கீழ்த்தாடையில் மோதிரம் போல மாட்டிக்கொள்வதும் உண்டு.

இரண்டாவது இடம் உணவுக்குழாய். இது அவசரமான நிலைமை. விழுங்கியதும் சில நிமிடங்களில் சோறு அப்படியே திரும்பி வரும், தண்ணீரும் நிற்காது. கழுத்தை நீட்டி நீட்டி விழுங்கப் பார்க்கும். ஒன்றிரண்டு நாட்கள் விட்டால் குழாயின் சுவர் அழுகி ஓட்டை விழும், அதற்குப் பிறகு காப்பாற்றுவது மிகவும் கடினம்.

மூன்றாவது இரைப்பையும் குடலும். சிறிய துண்டுகள் ஓரிரு நாட்களில் கரைந்தோ மலத்தோடோ போய்விடும். பெரிய துண்டு குடலை அடைத்தால் நாய் விடாமல் சத்தி எடுக்கும், வயிறு இறுகும், மலம் போகாது. சிம்பு குடலைத் துளைத்தால் வயிற்றறைக்குள் கிருமி பரவும். அப்போது நாய் முதுகை வளைத்துக்கொண்டு, வயிற்றைத் தொட விடாமல் நிற்கும்.

கடைசி இடம் மலக்குடல். நிறைய எலும்பு தின்ற நாய்க்கு மலம் சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளையாக, காய்ந்து இறுகிப்போகும். நாய் முக்கி முக்கி அனுங்கும், சிலவேளை இரத்தமும் வரும். பார்ப்பவர்கள் இதை வயிற்றோட்டம் என்று நினைப்பதுண்டு. ஏனென்றால் அடைத்திருக்கும் கட்டியைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் தண்ணீராகவும் போகும்.

வயிற்றைக் குழப்புவது எலும்பு மட்டுமா?

எலும்போடு கூடவே போகின்ற குழம்பையும் நாங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். வெங்காயமும் உள்ளியும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். ஒருநாள் கொஞ்சம் தின்றால் தெரியாது, கூடுதலாகத் தின்றால் சில நாட்களில் முரசு வெளிறி, சிறுநீர் தேயிலைச் சாயம் போல வரும். கொழுப்பும் தேங்காய்ப்பாலும் அதிகமானால் சதையி வீங்கிக் கடுமையான வயிற்றுவலியும் சத்தியும் வரும். உப்புக் கூடிய கருவாட்டுத் தலையும் நல்லதல்ல. இரண்டு நாட்களுக்கு முன் புதைத்த எலும்பை நாய் திரும்பக் கிண்டியெடுத்துத் தின்றால், எலும்பை விட அதில் வளர்ந்த கிருமிதான் வயிற்றோட்டத்துக்குக் காரணமாகும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

வளர்ந்த நாய் ஒன்றிரண்டு தடவை சத்தி எடுத்திருக்கிறது, அல்லது மலம் கொஞ்சம் இளகிப் போகிறது, ஆனால் எழுந்து நடக்கிறது, கூப்பிட்டால் வால் ஆட்டுகிறது என்றால் பதற்றப்படத் தேவையில்லை. 12 மணித்தியாலம் சாப்பாட்டை நிறுத்துங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டாம், ஆனால் கோப்பை நிறைய வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். வயிற்றோட்டம் இருந்தால், கடையில் வாங்கும் ஜீவனிப் பைக்கற்றைக் கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம்.

சத்தி நின்ற பிறகு உப்பும் தூளும் போடாத குழைந்த சோறு அல்லது கஞ்சி, அதனுடன் எலும்பும் தோலும் நீக்கி அவித்த கோழி இறைச்சி கொஞ்சம் கொடுங்கள். ஒரே நேரத்தில் கொடுக்காமல் நாலைந்து தடவையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்கள் இப்படிக் கொடுத்துவிட்டுப் படிப்படியாகப் பழைய சாப்பாட்டுக்குப் போகலாம்.

குட்டிகளைப் பட்டினி போடக் கூடாது. சில மணித்தியாலத்திலேயே அவற்றின் இரத்தத்தில் சீனி குறைந்து மயங்கிவிடும்.

செய்யக்கூடாதவை

மீன்முள் சிக்கினால் நாங்கள் சோற்றை உருட்டி விழுங்குவோம், அல்லது வாழைப்பழம் தின்போம். அதே வைத்தியத்தை நாய்க்கும் செய்கிறார்கள். உணவுக்குழாயில் எலும்பு நிற்கின்ற நாய்க்குச் சோற்றுருண்டையைத் திணித்தால் எலும்பு இன்னும் ஆழமாக ஏறும், அல்லது சோறு சுவாசப்பைக்குள் போகும்.

உப்புத் தண்ணீரோ சவர்க்காரத் தண்ணீரோ பருக்கிச் சத்தி எடுக்க வைக்க வேண்டாம். கூரான துண்டு இறங்கும்போது கிழிக்காத இடத்தை ஏறும்போது கிழித்துவிடும்.

பனடோல் கொடுக்க வேண்டாம். மனிதர் குடிக்கும் அளவில் அது நாயின் ஈரலைப் பழுதாக்கும், பூனைக்கு அரைக்குளிசையே நஞ்சு. டைக்குளோபினாக், புரூபன் போன்ற நோவுக் குளிசைகள் நாயின் இரைப்பையில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். வயிற்றோட்டத்தை நிறுத்தும் மனிதக் குளிசைகளையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். அடைபட்ட குடலின் அசைவை அவை இன்னும் நிறுத்திவிடும்.

பின்பக்கத்தால் எலும்போ நூலோ தெரிந்தால் இழுக்க வேண்டாம். மற்ற முனை குடலுக்குள் எங்கே கொழுவி நிற்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

தண்ணீரும் நிற்காமல் திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், வயிறு ஊதி இறுகினால், மலத்திலோ சத்தியிலோ இரத்தம் இருந்தால், மலம் போக முக்கியும் போகாவிட்டால், ஒரு நாளுக்கு மேல் எதையும் தொடாவிட்டால், எழும்ப முடியாமல் படுத்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். முரசை விரலால் அழுத்தினால் வெளிறி, விட்டவுடன் திரும்பச் சிவக்க வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் எடுத்தால், அல்லது முரசு ஏற்கெனவே வெள்ளையாக இருந்தால், உடலில் நீரோ இரத்தமோ ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனால் வீணீர் வடிக்கின்ற நாயின் முரசைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் பகுதிகளிலுள்ள அரச கால்நடை வைத்தியர் பணிமனைகள் மாடு, ஆடு, கோழி வளர்ப்பவர்களை முன்வைத்தே இயங்குகின்றன. நாய்க்கு எக்ஸ்ரே எடுத்துச் சத்திரசிகிச்சை செய்கின்ற வசதி பெரும்பாலான இடங்களில் இல்லை. சிக்கலான நாய்களைத் தூர நகரங்களுக்கோ, பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலைக்கோ அனுப்ப வேண்டிவரும். அந்தப் பயணத்துக்கு எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் போக முடியாத இடத்துக்குப் போகவேண்டிய நிலைமையே வராமல் பார்ப்பதைப் பற்றி அதிகம் பேசுகிறேன். எப்படியிருந்தாலும் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். என்ன தின்றது, எப்போது தின்றது, எத்தனை தடவை சத்தி, மலம் எப்படி என்ற நான்கையும் சொன்னால், பாதி விடயத்தை அங்கேயே தீர்மானிக்கலாம்.

குட்டி இரத்தமாகப் போனால்

இப்போது எலும்பின் பெயரில் வருகின்ற முதலாவது நோய்க்கு வருவோம். மூன்று மாதக் குட்டி, நேற்றுவரை துள்ளித் திரிந்தது, இன்று சுருண்டு படுத்திருக்கிறது. மஞ்சளாக நுரைத்துச் சத்தி எடுக்கிறது. பிறகு இரத்தம் கலந்து, தாங்க முடியாத நாற்றத்தோடு வயிற்றோட்டம். "கோழியெலும்பு குடலைக் கிழிச்சுப்போட்டுது" என்று வீட்டுக்காரர் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக் குட்டிக்கும் அப்படித்தானா என்று நான் கேட்பேன். "ஓம், அதுவும் போன கிழமை செத்துப்போச்சு" என்பார்கள். இரண்டு வீட்டுக் குட்டிகளின் குடலையும் ஒரே எலும்பு கிழிக்காது.

இது பார்வோ என்ற வைரசு நோய். 1978 அளவில் உலகத்தில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டு, ஓரிரு ஆண்டுகளுக்குள் எல்லாக் கண்டங்களுக்கும் பரவியது. மனிதருக்குத் தொற்றாது. ஆனால் குட்டிகளின் குடலின் உட்படையையும், நோயை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்களையும் ஒரே நேரத்தில் அழித்துவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்துவிடும். சேலைன் ஏற்றி, கிருமிக்கு மருந்து கொடுத்துத் தொடக்கத்திலேயே பார்த்தால் கணிசமானவை பிழைக்கும். "எலும்பு, தானாப் போயிடும்" என்று இரண்டு நாட்கள் காத்திருப்பதுதான் குட்டியைக் கொல்கிறது.

இந்த வைரசு மண்ணில் மாதக்கணக்காக உயிரோடு இருக்கும். சவர்க்காரத்துக்கும் டெற்றோலுக்கும் சாகாது. துணி வெளுக்கும் குளோரின் நீரை ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, கோப்பை, சங்கிலி, சீமெந்துத் தரை எல்லாவற்றையும் கழுவ வேண்டும். ஒரு குட்டி செத்த வளவில் தடுப்பூசி போடாத இன்னொரு குட்டியைச் சில மாதங்களுக்குக் கொண்டுவந்து விடாதீர்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். அரசாங்கம் இலவசமாகப் போடும் ஊசி விசர்நோய்க்கு மட்டும் உரியது. அதைப் போட்டதால் எல்லா நோய்க்கும் போட்டாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். பார்வோவுக்குத் தனியான தடுப்பூசி உண்டு, அதைக் காசுக்குத்தான் போட வேண்டும். ஆறு முதல் எட்டுக் கிழமை வயதில் தொடங்கி, நாலு மாதம் ஆகும்வரை மூன்று நாலு கிழமை இடைவெளியில் போட வேண்டும்.

தொண்டையில் சிக்கியதைப் போலத் தெரிந்தால்

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமமொன்றில் ஓர் அம்மா, பேரப்பிள்ளையோடு இருக்கிறார். அவருடைய நாய் இரண்டு நாட்களாகச் சாப்பிடவில்லை. கீழ்த்தாடை தொங்கி, வீணீர் கயிறு போல வடிந்தது. குரைப்புக் கரகரத்தது. தண்ணீரை நக்கப் பார்க்கும், விழுங்க முடியாது. கடிக்கவில்லை, சீறவில்லை, சாதுவாக அவருடைய காலடியிலேயே கிடந்தது. தொண்டையில் எலும்பு கொழுவிவிட்டது என்று நினைத்து, டோர்ச் அடித்துப் பார்த்து, விரலைவிட்டுத் துழாவியிருக்கிறார். ஒன்றும் அகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு எடுத்தார்.

"அம்மா, கையில காயம் ஏதும் இருக்குதோ?"

"விறகு வெட்டிக் கீறின காயந்தான் தம்பி. பெரிசா இல்லை."

"நாயைப் பிறகு பாப்பம். நீங்கள் முதல்ல சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கோ. பதினைஞ்சு நிமிசம். கழுவின கையோட ஆஸ்பத்திரிக்குப் போங்கோ."

அடுத்த நாள் நாய் செத்தது. தலையைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். விசர்நோய் என்று முடிவு வந்தது. அந்த அம்மா அதற்குள் வைத்தியசாலையில் ஊசிகளைத் தொடங்கியிருந்தார். சொன்ன திகதிகளில் எல்லா ஊசியையும் போட்டார். இப்போதும் நன்றாக இருக்கிறார். நாயைக் குளிப்பாட்டி விளையாடிய பேரப்பிள்ளைக்கும் ஊசி போடப்பட்டது.

விசர்நாய் என்றதும் எங்கள் மனதில் வருவது கண் சிவந்து, கண்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கின்ற நாய். அது விசர்நோயின் ஒரு வடிவம். இன்னொரு வடிவம் ஊமையானது. வைரசு மூளையையும் நரம்புகளையும் தாக்கி, தாடையையும் தொண்டையையும் அசைக்கும் தசைகளை முடக்கிவிடுகிறது. தாடை தொங்குவதும், விழுங்க முடியாமல் போவதும், குரல் மாறுவதும் அதனால்தான். எலும்பு சிக்கிய நாயைப் போலவே அது இருக்கும். வீணீரில் வைரசு நிறைந்திருக்கும். கடிக்காத நாய் என்பதால் மனிதர் தாங்களாகவே அதன் வாய்க்குள் கையை விடுகிறார்கள்.

மாட்டிலும் இதே மயக்கம் உண்டு. வீணீர் வடித்து, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்துகின்ற மாட்டுக்குப் பனங்கொட்டை சிக்கிவிட்டது என்று நினைத்து, முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். விசர்நாய் கடித்த மாடும் அப்படித்தான் நிற்கும்.

எப்படிப் பிரித்தறிவது? எலும்பு சிக்கிய நாய் வழமையாக முன்னங்காலால் வாயை வறுகும், தாடையை மூட முயலும், சாப்பாட்டைக் கண்டால் ஆவலோடு வரும், திடீரென்று, எலும்பு தின்ற அன்றைக்கே தொடங்கியிருக்கும். ஊமை விசர் உள்ள நாயின் தாடை சும்மா தொங்கும், அதை மூட அது பெரிதாக முயலாது, பார்வை மங்கியிருக்கும், நடை தளரும், ஒவ்வொரு நாளும் மோசமாகிச் சில நாட்களுக்குள் செத்துவிடும். ஆனால் இந்த வித்தியாசங்களை நம்பிக் கையை விடாதீர்கள். வைத்தியராகிய நானே கையுறை இல்லாமல் அப்படி ஒரு வாயைத் தொடுவதில்லை. நாயைக் கட்டி, அல்லது ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தி, பிள்ளைகளை அண்ட விடாமல் வைத்துவிட்டு, வைத்தியரை அழையுங்கள். எலும்பாக இருந்தால் சில மணித்தியாலம் பொறுப்பதால் வாயில் சிக்கிய எலும்பு நாயைக் கொன்றுவிடாது. விசராக இருந்தால் நீங்கள் பொறுத்த அந்த நேரம் உங்கள் உயிர்.

ஏற்கெனவே கையை விட்டாயிற்று, அல்லது வீணீர் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டுவிட்டது என்றால், காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். குழாய் இல்லாவிட்டால் யாரையாவது வாளியால் ஊற்றச் சொல்லுங்கள். கண்ணைச் சவர்க்காரமில்லாமல் சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். பார்வை பார்ப்பதிலும் நூல் கட்டுவதிலும் நாளைக் கடத்த வேண்டாம். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி இலவசம். நோயின் அறிகுறி மனிதரில் வெளிப்பட்ட பிறகு அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. அறிகுறி வருவதற்கு முன் ஊசியை முறையாகப் போட்டவர்கள் பிழைக்கிறார்கள்.

செத்த நாயை உடனே புதைத்துவிடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ கால்நடை வைத்தியருக்கோ அறிவியுங்கள். நோயை உறுதிப்படுத்த மூளையைத்தான் பரிசோதிக்க வேண்டும். தலையை ஐஸில் வைத்துக் கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். தலையை நீங்களாக வெட்டி எடுக்க வேண்டாம்.

பிள்ளைகளிடம் ஒன்றை அடிக்கடி சொல்லுங்கள்: நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், புண்ணை நக்கினாலும் வந்து சொன்னால் ஏச மாட்டோம் என்று. அடி விழும் என்ற பயத்தில் பிள்ளை மறைக்கின்ற சின்னக் கீறல்தான் பிறகு பெரிய இழப்பாகிறது. இழந்தது போதும் என்றிருக்கின்ற எங்கள் சனத்துக்குத் தடுக்கக்கூடிய ஒரு மரணம் கூட வேண்டாம்.

ஊராகச் செய்யக்கூடியது

1973 இல் இலங்கையில் விசர்நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டதும், கடிபட்டவர்களுக்கு ஊசி கிடைத்ததும் இதற்கு முக்கிய காரணங்கள். எங்கள் கிராமங்களில் ஊசி போடும் வாகனம் வருகின்ற நாளில் பலர் கூலிவேலைக்குப் போயிருப்பார்கள். வயதான அம்மாவால் நாயைப் பிடித்துக்கொண்டு சந்திவரை வர முடியாது. சொந்தக்காரர் இல்லாத நாய்கள் ஊசியில்லாமலே திரியும்.

இதைக் கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கையில் எடுக்கலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒரு கடிதம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமையில் ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். எத்தனை நாய் என்று வீடு வீடாக எழுதிக் கொடுங்கள். நாய் பிடிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்களை நாயைக் கொண்டுவர முடியாத வீடுகளுக்கு அனுப்புங்கள். ஊசி போட்ட அட்டையைப் பிள்ளைகளின் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வையுங்கள். வருடம் ஒருமுறை அதைத் திரும்பப் போட வேண்டும்.

எலும்பைப் பொறுத்தவரை வழி இலகுவானது. இறைச்சி சமைக்கும் நாளில், தூளும் வெங்காயமும் போடுவதற்கு முன்னரே எலும்பில்லாத துண்டு கொஞ்சத்தையும் ஈரலையும் எடுத்துத் தனியாக அவித்து, அந்த நீரோடு சோற்றில் பிசைந்து நாய்க்குக் கொடுங்கள். வாசம் அதற்குப் போதும். சாப்பிட்டு முடிந்த எலும்பைக் குசினிக்குப் பின்னால் வீசாமல், அடுப்பு அணைவதற்கு முன் தணலில் போடுங்கள். காலையில் அது விரலால் நொறுங்கும். சாம்பலோடு சேர்த்துத் தென்னையடியில் போட்டால் மரத்துக்கும் உரம்.